கொற்கையைக் கடல் கொள்ளவில்லை: தாமிரபரணியோடு இடம் மாறிய துறைமுகங்கள்

கொற்கையைக் கடல் கொண்டுவிட்டது என்று பலரும் சொல்லக் கேட்டிருப்போம். பூம்புகாருக்குச் சொல்லப்படும் செய்தியை அப்படியே தெற்கே கொண்டுவந்து பொருத்துவதால் வரும் பிழை இது. தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஏரல் வழியாகக் கிழக்கே சென்றால் கொற்கை இன்றும் இருக்கிறது. வயலும் வாழையும் குளமும் சூழ்ந்த சிற்றூர். பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று உலகம் அறிந்திருந்த அந்த ஊரில் இன்று இல்லாதது கடல் ஒன்றுதான். அலையைப் பார்க்க வேண்டுமானால் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். ஆக, கடல் ஊரைக் கொள்ளவில்லை. ஊரை விட்டு விலகிப் போயிருக்கிறது. அப்படி விலக்கியது தாமிரபரணி ஆறு.

இது கொற்கையோடு முடிந்த செய்தியும் அல்ல. கொற்கைக்குப் பிறகு பழையகாயல், அதன்பின் புன்னைக்காயல், பின்னர் தூத்துக்குடி என்று இந்தக் கரையின் துறைமுகம் ஈராயிரம் ஆண்டுகளாக இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அரபு வணிகர்கள் வந்து இறங்கியதும், நம் முன்னோர்களில் பலர் இங்கே குடியமர்ந்ததும் இந்த இடமாற்றத்தின் நடுவில்தான். ஆற்றின் வரலாறு தெரியாமல் காயல் வரலாற்றைப் படிப்பது பாதிப் புத்தகத்தைப் படிப்பது போலத்தான்.

இரண்டு பருவமழையின் ஆறு

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறக்குறைய 128 கிலோமீட்டர். காவிரியோடு ஒப்பிட்டால் சின்ன ஆறுதான். ஆனால் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே பிறந்து, எல்லைக்குள்ளேயே கடலில் சேரும் வற்றாத ஆறு என்று இதைத்தான் சொல்கிறோம். காரணம், இதற்குத் தண்ணீர் இரண்டு முறை வருகிறது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை மலை உச்சியை நனைக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மலையையும் சமவெளியையும் சேர்த்து நனைக்கிறது. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு எல்லாம் வழியில் வந்து சேர்கின்றன.

மலைக்கும் கடற்கரைக்கும் உள்ள வேறுபாடு சாதாரணமானதல்ல. நாலுமுக்கு, ஊத்து போன்ற மேல்மலைத் தோட்டங்கள் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் சேர்ந்தவை. தூத்துக்குடி மாவட்டமோ ஆண்டு முழுவதும் சேர்த்தே சராசரியாக 65 சென்டிமீட்டர் அளவு மழையைத்தான் பார்க்கிறது. ஆற்றுக்குத் தெற்கே கொஞ்சம் தள்ளினால் செம்மணல் தேரிக்காடு. பனையும் உடையும் தவிர வேறு எதுவும் எளிதில் நிற்காது. அந்தத் தேரிகளில் மிகச் சிறிய கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. 1956-ல் ஸாய்னர், ஆல்சின் என்ற இரு அறிஞர்கள் அவற்றைப் பற்றி எழுதினார்கள். வேட்டையாடி, மீன் பிடித்து வாழ்ந்த மனிதர்களின் கருவிகள் அவை. வேட்டைக்காரனுக்குத் தேரி போதும், உழவனுக்குப் போதாது. இந்த நாட்டில் வானத்தை மட்டும் நம்பி நெல் விதைக்க முடியாது, ஆற்றை நம்பி விதைக்கலாம். அதனால் பழைய ஊர்கள் எல்லாம் ஆற்றின் இரு கரையிலும் கோர்த்த மணிபோல நெருக்கமாக அமைந்தன.

மேட்டில் தாழி

அந்த மணிகளில் பெயர்பெற்றவை இரண்டு. ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர். வடகரைப் பக்கம் சற்று உள்ளே தள்ளி சிவகளை.

ஆதிச்சநல்லூரை 1876-ல் முதலில் தோண்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகோர். அவர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். வெண்கலப் பொருள்கள், இரும்புக் கருவிகள், பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2004-05-ல் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியபோது 160-க்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. சிவகளையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2020 முதல் அகழாய்வு செய்தது. ஒரு தாழிக்குள் இருந்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வுக்கூடம் கணித்ததை 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 ஜனவரியில் வெளியான அறிக்கையோ, சிவகளையின் இரும்பை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதிவரை கொண்டுபோகிறது. இந்தக் கடைசிக் கணிப்பைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் நடக்கிறது, நடக்கட்டும். நெல்லைப் பற்றிய செய்தி நமக்குப் போதும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நெல் விளைந்திருக்கிறது என்றால், ஆற்று நீரைப் பழக்கத் தெரிந்த மக்கள் இருந்திருக்கிறார்கள்.

தாழிகள் கிடைத்த நிலத்தை ஊர்மக்கள் 'பரம்பு' என்கிறார்கள். பரம்பு என்றால் சரளைக் கல் நிறைந்த மேட்டு நிலம். ஆதிச்சநல்லூர்ப் பரம்பு 114 ஏக்கர். உழவுக்கு ஆகாத, வெள்ளம் ஏறாத நிலத்தை இறந்தவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, விளையும் நிலத்தை வயலுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்களிலும் பழைய மையவாடிகள் மேடான இடத்தில் இருப்பதைக் கவனித்தால் இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். இதனால் ஆய்வாளர்களுக்கு ஒரு சங்கடம். இறந்தவர்களின் இடம் மேட்டில் பத்திரமாக இருக்கிறது. வாழ்ந்தவர்களின் வீடுகள் பெரும்பாலும் தாழ்வான இடத்தில், மூவாயிரம் ஆண்டு வண்டலுக்கும் உழவுக்கும் அடியில் போய்விட்டன. ஆதிச்சநல்லூரை 'இடுகாடு' என்று மட்டுமே நாம் அறிந்திருப்பதற்கு ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

கொற்கையின் முத்தும் ஆற்றின் மண்ணும்

இனி கடற்கரைக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழியாக வந்த கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற வழிநூல் கொற்கையைக் 'கொல்கி' என்று குறிப்பிடுகிறது. அங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்றும் சொல்கிறது. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் முத்து வகைகளில் தாமிரபரணி முத்தைத் தனியாக எண்ணுகிறது. மதுரைக்காஞ்சியும் அகநானூறும் கொற்கை முத்தைப் பேசுகின்றன. 1968-69-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது செங்கல் கட்டடம், உறைகிணறு, கருப்பு சிவப்புப் பானை ஓடுகள், முத்துச் சிப்பிகள், சங்கு அறுத்த துண்டுகள் எல்லாம் கிடைத்தன. கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. இருபுறமும் 95 ஆண்டுகள் கூடலாம், குறையலாம். பக்கத்து ஊரின் பெயர் அக்கசாலை, அதாவது நாணயம் அடிக்கும் இடம்.

இத்தனை செல்வம் கொண்ட ஊர் எப்படி வயலாயிற்று?

மழைக்காலத்தில் கலங்கி ஓடும் ஆற்று நீரை ஒரு சொம்பில் பிடித்து வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் அடியில் மண் படியும். ஓடும்வரை படியாது, நின்றால் படியும். மலையிலிருந்து மண்ணைச் சுமந்து வரும் ஆறு வேகம் இழந்து நிற்கும் இடம் கடலைத் தொடும் முகத்துவாரம். அங்கே சுமையை இறக்கி வைக்கிறது. கடல் அலை அந்த மணலைக் கரை நெடுக இழுத்துப் பரப்பி, ஆற்றின் வாய்க்குக் குறுக்கே மணல்திட்டாகக் கட்டுகிறது. திட்டுக்கு உள்ளே தேங்கும் உப்பு கலந்த நீர்ப்பரப்புதான் 'காயல்'. நாம் ஊர்ப்பெயராக நாள்தோறும் சொல்லும் சொல், உண்மையில் ஆறும் கடலும் சண்டையிட்ட இடத்தின் பெயர்.

காயல் முதலில் துறைமுகத்துக்கு வரம். அலை அடிக்காது, கப்பல் பத்திரமாக நிற்கும், ஆற்று வழியாக உள்நாட்டுச் சரக்கு படகில் வந்து சேரும். ஆனால் ஒவ்வொரு வெள்ளமும் ஒரு அடுக்கு வண்டலை விட்டுப் போகும். தலைமுறை தலைமுறையாகக் காயல் ஆழம் குறைந்து சதுப்பாகி, பிறகு உப்பளமாகி, இறுதியில் வயலாகும். ஆறும் தான் போட்ட மண்ணே தனக்குத் தடையாகிவிட, வேறு பக்கம் வழி தேடிக்கொள்ளும். இன்று கொற்கை ஆற்றங்கரையிலும் இல்லை. ஆறு அதற்குத் தெற்கே விலகி ஓடுகிறது. ஊரின் குளத்துக்குத் தண்ணீர் கால்வாய் வழியாகத்தான் வருகிறது.

இதற்குப் பின்னால் இன்னும் பெரிய அசைவு ஒன்றும் உண்டு. சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகக் கடல் ஏறியது. ஆறேழு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை எட்டியது. அந்த ஏற்றம் நின்ற பிறகுதான் உலகின் பல ஆறுகள் முகத்துவாரத்தில் வண்டலைச் சேர்த்துக் கழிமுக நிலத்தைக் கட்டத் தொடங்கின. கடல் ஏறிக்கொண்டே இருந்திருந்தால் கொற்கை என்ற ஊரே அமைந்திருக்காது. அது நின்றதால் ஊர் அமைந்தது, ஆறு தொடர்ந்து மண் போட்டதால் துறைமுகம் போயிற்று.

ஒரே நாளில் வந்த பேரழிவு எதையும் இங்கே தேட வேண்டாம். ஊரில் யாரும் ஓடவில்லை. தந்தை காலத்தில் பெரிய மரக்கலம் நின்ற இடத்தில் மகன் காலத்தில் தோணி மட்டும் நின்றிருக்கும். பேரன் காலத்தில் சுங்கச்சாவடி கிழக்கே போயிருக்கும். வணிகன் முதலில் போவான், கைவினைஞன் பின்னால் போவான், உழவன் தங்கிவிடுவான். கொற்கையில் தங்கியவன் உழவன்.

குதிரைகள் இறங்கிய காயல்

கொற்கைக்கும் கடலுக்கும் இடையில் எழுந்தது காயல். கி.பி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ அதைப் பெரிய நகரம் என்று பாராட்டுகிறார். ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளும் பிற சரக்கும் ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து நின்றதாக எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கையே தருகிறார்: கீஷ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம், குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொன் தீனார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரிடம் உயர் பொறுப்பில் இருந்தார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பார்வையில் இருந்தன. 15-ஆம் நூற்றாண்டில் சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல்கள் சென்ற இடங்களின் பட்டியலிலும் காயல் இருக்கிறது. தளபதி செங் ஹே ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் சொல்லி வைப்போம்.

1516 வாக்கில் எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா காலத்திலும் காயல் உயிரோடு இருந்தது. முத்துக்குளிப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த செல்வாக்குள்ள முஸ்லிம் ஒருவர் அங்கே இருந்ததாக அவர் குறிப்பிடுகிறார்.

மூன்றரை நூற்றாண்டுகள் கழித்து, பழையகாயல் பகுதியில் நடந்து பார்த்தவர் பேராயர் கால்டுவெல். பழையகாயலிலிருந்து மாறமங்கலம் வரை மைல் கணக்கில் நிலமெங்கும் உடைந்த ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் சிதறிக் கிடப்பதை அவர் கண்டார். சீனத்தோடு வாணிபம் நடந்த நினைவே ஊர்மக்களிடம் இல்லை என்றும் எழுதினார். மண்ணுக்கு இருந்த நினைவு மனிதருக்கு இல்லாமல் போயிற்று. அண்மைக் காலத்தில் ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபோரு கராஷிமா தலைமையிலான குழுவும் தென்னிந்தியக் கரையோரத்தில் சீனப் பீங்கான் தேடியபோது இந்தப் பகுதியையும் ஆராய்ந்தது.

எந்தக் காயல்?

இங்கே ஒரு பழைய வழக்கைத் தொடாமல் போக முடியாது. மார்க்கோ போலோ கண்டது பழையகாயலா, காயல்பட்டினமா? கால்டுவெல் பழையகாயல் பக்கம் நின்றார். காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களையும், கல்வெட்டுகளையும், மீஸான் கற்களையும் காட்டி அதுவே அந்த நகரம் என்போர் உண்டு. இரு தரப்பிலும் ஊர்ப்பற்று கொஞ்சம் கூடுதலாகவே கலந்திருக்கிறது.

முகத்துவாரம் நகர்ந்துகொண்டே இருக்கும் கரையில் 'துறைமுகம் இந்தப் புள்ளிதான்' என்று கேட்பதே பொருத்தமில்லை என்பது நம் எண்ணம். அன்றைய துறைமுகம் என்பது கான்கிரீட் மேடை அல்ல. காயலின் இரு கரையிலும், ஆற்றின் வாயிலும், திறந்த கடற்கரையிலும் பரவிய பல துறைகளின் கூட்டம். ஒரு பருவத்தில் ஒரு துறை ஆழமாக இருக்கும். மறு தலைமுறையில் வேறொன்று. பழையகாயல் வடக்கே, புன்னைக்காயல் முகத்துவாரத்தில், காயல்பட்டினம் தெற்கே. மூன்று பெயரிலும் அதே சொல் இருப்பது தற்செயல் அல்ல. காயல்பட்டினத்துக்கு ஒரு வசதி: அது முகத்துவாரத்தை விட்டுத் தள்ளி, மணற்பாங்கான திறந்த கரையில் இருக்கிறது. ஆற்று வண்டல் அதைப் பழையகாயலைப் போல மூடவில்லை. வணிகம் வேறு ஊர்களுக்குப் போன பிறகும் ஊர் கலையாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் புன்னைக்காயலைத் தளமாக்கினர். தமிழ் கற்று, தமிழ் அச்சு நூல்களுக்கு வழிகாட்டிய ஹென்ரிக்ஸ் பாதிரியார் பணியாற்றிய ஊர் அது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்களின் அதிகார மையமும் தூத்துக்குடிக்குப் போயிற்று. 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1974-ல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடியில் பெரிய ஆறு எதுவும் கடலில் கலக்கவில்லை. முயல் தீவு போன்ற தீவுகள் அலையைத் தடுக்கின்றன. ஈராயிரம் ஆண்டு ஆற்றின் வாயைத் தேடிப் போன துறைமுகம், கடைசியில் ஆறில்லாத இடத்தில்தான் நிலைத்தது.

ஆறு எடுத்துக்கொண்டதை வேறு வடிவில் கொடுத்தும் இருக்கிறது. துறைமுகத்தை மூடிய அதே வண்டலில்தான் ஏரல் பக்கத்து வாழையும், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையும் விளைகின்றன.

ஊர் நகரமும் மஃரிப் அணையும்

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இராக்கின் தெற்கில் இருந்த 'ஊர்' என்ற பழம்பெரும் நகரம் ஒரு காலத்தில் யூப்ரடீஸ் கரையில், பாரசீக வளைகுடாவுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று ஆறு அதைவிட்டு விலகி ஓடுகிறது. கடலோ வெகு தொலைவு. துருக்கியின் மிலீட்டஸ் துறைமுகமும் ஆற்று வண்டலால் உள்நாட்டு ஊராயிற்று. சிந்துவெளி நகரங்கள் சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் சுருங்கியதில் பருவமழை தளர்ந்ததற்கும் பங்கு உண்டு என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அங்கும் மக்கள் மறையவில்லை. சிறுசிறு ஊர்களாகக் கிழக்கே நகர்ந்தார்கள்.

திருக்குர்ஆனில் ஸபஃ அத்தியாயம் பேசும் பெருவெள்ளத்தை விரிவுரையாளர்கள் யமன் நாட்டு மஃரிப் அணையோடு தொடர்புபடுத்துவர். அந்த அணை ஒருமுறை மட்டும் உடையவில்லை. பலமுறை உடைந்து, பலமுறை பழுது பார்க்கப்பட்டது. கி.பி. 548-ல் நடந்த பழுதுபார்ப்பைக் கல்வெட்டாகப் பொறித்தவர், யானைப் படையோடு மக்காவை நோக்கி வந்ததாக நாம் அறியும் அதே அப்ரஹா. அங்கேயும் தொல்லை தந்தது வண்டல்தான். வெள்ள நீரோடு வந்த மண் வயல்களை உயர்த்திக்கொண்டே போனது. வயல் உயர உயர அணையையும் உயர்த்த வேண்டி வந்தது. உயர்த்தும் ஆட்பலமும் நிர்வாகமும் இருந்தவரை ஊர் நின்றது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கும் வரிசையில் கடைசி ஸ்ரீவைகுண்டம். மற்றவை பல பழைய அரசர் காலத்தவை. இது மட்டும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. இதிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் சுமார் 25,000 ஏக்கருக்கு நீர் தருகின்றன. கொற்கைக் குளம் முதல் தூத்துக்குடி அருகிலுள்ள கோரம்பள்ளம் வரை பல குளங்கள் வடகாலை நம்பியவை. கடைமடை என்பதால் மேலே ஏழு வயிறு நிறைந்த பிறகே இங்கே தண்ணீர். வெள்ளமானாலோ எல்லா வயிறும் கக்குவது இங்கேதான் வந்து சேரும்.

அணைக்கட்டுக்குப் பின்னே வண்டல் சேர்ந்து, நீர் நிற்கும் இடமெல்லாம் மேடாகிப் போனது. தூர்வாரக் கோரிய வழக்கு 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம்வரை போயிற்று. மறுபக்கம், வேண்டாத இடத்தில் சேர்ந்த மண்ணை எடுக்காமல், வேண்டிய இடத்தில் இருந்த மணலை அள்ளினார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவரான தோழர் நல்லகண்ணு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தொடுத்த வழக்கில், 2010-ல் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வந்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளும் மலை மண்ணை மேலேயே பிடித்துவைத்துக்கொள்கின்றன. ஒரு காலத்தில் துறைமுகத்தையே மூடும் அளவுக்கு மண் கொண்டுவந்த ஆறு, இன்று கடற்கரைக்குப் போதுமான மணலைக் கொண்டு சேர்ப்பதில்லை. மணல் வரத்து குறைந்த கரையைக் கடல் அரிக்கும். இது எந்தக் கரைக்கும் பொருந்தும் கணக்கு. திருச்செந்தூரில் கோயில் முன்பு கரை அரிக்கப்படுவது அண்மை ஆண்டுகளில் பெரிய கவலையாகியிருக்கிறது. அங்கே வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம்.

2023 டிசம்பர்

17-ஆம் தேதி காலை முதல் 18-ஆம் தேதி காலை வரை, 24 மணி நேரத்தில், காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகம் ஒரே நாளில். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. குளங்கள் உடைந்தன; ஆறு கரை மீறியது; ஏரல் துண்டிக்கப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றது. முன்னால் தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. பயணிகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர்கள் தாங்களே வெள்ளத்தில் சிக்கியிருந்த புதுக்குடி மக்கள். செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசல், வீடிழந்த இந்துக் குடும்பங்களுக்குத் தஞ்சம் கொடுத்ததையும் அப்போது நாடே பேசியது.

நாம் வசிக்கும் தாழ்ந்த பகுதிகளில் பல, ஆறு தானே போட்ட மண். பழைய காயல், பழைய ஓடை, பழைய கால் ஆகியவற்றின் மேல் மனைப்பிரிவு போட்டு, பெயரை மட்டும் நகர் என்று மாற்றி வைத்திருக்கிறோம். நீருக்கு அந்தப் பெயர்மாற்றம் தெரியாது. இந்த இடத்தில் நம் குடும்பங்களால் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. நம் வீட்டுப் பெட்டிகளிலும், ஜமாஅத் அலுவலகங்களிலும், வக்ஃபு கோப்புகளிலும் பழைய பத்திரங்கள் கிடக்கின்றன. அவற்றில் நான்கெல்லை எழுதும்போது 'இன்ன ஓடைக்குத் தெற்கு', 'இன்ன குளத்துக் கலிங்குக்குக் கிழக்கு' என்று எழுதியிருப்பார்கள். இன்று அந்த ஓடை கண்ணில் படாது, பத்திரத்தில் இருக்கும். அவற்றைப் படம் எடுத்து, இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட்டால் எந்தத் தெருவில் முதலில் நீர் ஏறும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். கரையான் அரிக்குமுன் இதைச் செய்வது நல்லது. வீடு கட்ட மனை பார்க்கும் பிள்ளைகளுக்கு விலையைப் போலவே இதுவும் பார்க்க வேண்டிய கணக்கு.

இதற்கிடையில், ஆற்றின் போக்கில் ஒரு புதிய மாற்றமும் நடந்திருக்கிறது. இம்முறை மனிதர் கையால். கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ள நீரைப் பிரித்துத் தெற்கே திருப்பும் தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்புக் கால்வாய், 2009-ல் தொடங்கி, இழுபட்டு, 2025 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. நீளம் சுமார் 75 கிலோமீட்டர். வெள்ளம் வரும் ஆண்டுகளில் ஸ்ரீவைகுண்டத்துக்கு வரவேண்டிய நீரில் ஒரு பங்கு இனி அந்த வழியில் போகும். அது போய் முடியும் இடம் சாத்தான்குளம் வட்டத்து எம்.எல். தேரி, கற்கருவி மனிதர்கள் திரிந்த அதே செம்மணல் காட்டின் ஓரம்.